புகைமூட்டமும் நம் வாசல் நாயும்



இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, முதுகு வலி என்று எழுதிக் கொண்டிருந்தவன் இந்த முறை நாயைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "டிரசருக்கு வேறு வேலை இல்லையா? மனுஷனுக்கே மருந்து பத்தல, நாய்க்கு என்ன கட்டுரை?" என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள். ஒரு காலத்தில் நானும் அப்படிச் சிரித்தவன்தான். அதனால் வந்த தலைகுனிவு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2015-ஆம் ஆண்டு புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காலைப் பெரட்டில் நின்றால் எதிரே நிற்கும் மண்டோரின் முகம் தெரியாது. அந்த நாளில் என் மருந்தகத்தின் வாசலில் இருமுகிறவர்களின் வரிசை நீண்டிருந்தது. அந்த வரிசைக்கு நடுவே, பால் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கை விரித்து, அதில் தன் நாயைக் கிடத்திக் கொண்டு வந்து நின்றார். கறுப்பு நிற நாட்டு நாய். பெயர் கறுப்பன். மனைவி இறந்து, பிள்ளைகள் பட்டணம் போய்விட்ட பிறகு அந்த லயத்துக் கடைசி வீட்டில் அவருக்குத் துணை அதுதான்.

"ஐயா, ரெண்டு நாளா மூச்சு வாங்குது. ஒரு வாட்டி பாருங்கய்யா" என்றார்.

"பெரியவரே, இது மனுஷங்களைப் பார்க்கிற இடம். நாயைக் கொண்டு வந்து வாசல்ல போட்டா எப்படி? வெட்டினரிக்குக் கொண்டு போங்க" என்றேன்.

"அது டவுன்ல இல்லீங்களா, எப்படிய்யா போவேன்" என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டு விட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் நாய் செத்துப் போனது.

இரண்டு வாரம் கழித்து அதே பெரியவர் மூச்சுத் திணறலோடு வந்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டால் விசில் ஊதுவது போன்ற சத்தம். மருந்துப் புகை கொடுத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். திரும்பி வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பின்புறச் சமையல் கட்டுக்கு வெளியே நாயைக் கட்டியிருந்த சங்கிலி அப்படியே கிடந்தது. அதிலிருந்து எட்டு அடி தூரத்தில் ஒரு தகர டிரம். குப்பை லாரி வராத நாட்களில் அந்த லயத்துக் குப்பை முழுவதும், பிளாஸ்டிக் உட்பட, அந்த டிரம்மில்தான் எரிந்திருக்கிறது. பெரியவர் படுத்துறங்கும் அறையின் ஜன்னலும் அந்தப் பக்கம்தான்.

"கறுப்பன் இரும ஆரம்பிச்சப்பவே எனக்கும் இருமல்தாங்கய்யா. நாய்க்குத்தானேன்னு விட்டுட்டேன். அப்புறம் எனக்குத்தானேன்னும் விட்டுட்டேன்" என்றார்.

அன்றைக்கு நான் அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "நாயை எங்கே கட்டுறீங்க?" நாயும் பிழைத்திருக்கலாம், அவரும் அத்தனை தூரம் போயிருக்க மாட்டார். நான் மிருக வைத்தியன் அல்லன். நாய்க்கு மருந்து எழுதும் உரிமையும் எனக்குக் கிடையாது. ஆனால் அதன் பிறகு மிருக வைத்தியர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்து கொண்டதை உங்களுக்குச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

புகையில் இருப்பது என்ன?

நம் நாட்டுக்குப் புகைமூட்டம் புதிதல்ல. 1997-இல் சரவாக்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டி அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசர நிலை. பிறகு 2015, 2019. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் செம்பனைக்காகவும் காகித மரத்துக்காகவும் காட்டை அழிக்க வைத்த தீ, தென்மேற்குப் பருவக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் நம் பக்கம் புகையைத் தள்ளி விடுகிறது. அங்கே பல இடங்களில் மண்ணே எரிகிறது. அது கரி மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிச் சேர்ந்த இலை தழைகள்தான் அந்த மண். மேலே தீயை அணைத்தாலும் அடியில் கனன்று கொண்டே இருக்கும். சரியாக எரியாமல் கனலும் தீதான் அதிகமான புகையைக் கக்கும் என்பது, ஈர விறகில் உலை வைத்த தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியும் சாம்பல் அவ்வளவு ஆபத்தானதல்ல. அது மூக்கிலேயே சிக்கிக் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் எமன். தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு இருக்கும் அந்தத் தூள். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்ற எல்லா வாசற்படிகளையும் கடந்து நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்ப் படிந்து விடும். அங்கே வீக்கம் உண்டாகும், சளி சேரும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் துடைப்பம் போல் ஆடிக் கொண்டு அழுக்கை மேலே தள்ளும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. புகை பட்டால் அவை சோர்ந்து போகும். அழுக்கு வெளியேறாது. பிறகு கிருமிகளுக்குக் கொண்டாட்டம். இதெல்லாம் மனிதனுக்கு எப்படியோ நாய்க்கும் அப்படியே. நுரையீரல் என்று பார்த்தால் இருவருக்கும் ஒரே மாதிரி வேலைதான்.

நாய்க்கு ஏன் கூடுதல் துன்பம்?

முதலாவது, வியர்வை. நமக்கு உடம்பு சூடானால் தோல் முழுவதும் வியர்த்துச் சூடு தணியும். நாய்க்கு உள்ளங்கால் தவிர வேறு இடத்தில் அப்படி வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப் போட்டு, மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக் கொள்ளும். அப்படி இரைக்கும்போது ஒரு நிமிடத்தில் 200 மூச்சுக்கு மேல்கூடப் போகும். வாயால் இழுக்கும் காற்று மூக்கு என்ற வடிகட்டியைச் சுற்றிக் கொண்டு நேரே உள்ளே போகிறது. புகைமூட்ட நாளோ பெரும்பாலும் புழுக்கமான நாள். சூடு தணிய இரைக்க வேண்டும். இரைத்தால் புகை உள்ளே போகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கொள்கிறது அந்த வாயில்லாப் பிராணி. இதிலிருந்து ஓர் உண்மையைத் தெரிந்து கொள்ளுங்கள்: நாயைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தாலே அது உள்ளே இழுக்கும் புகை குறைந்து விடும்.

இரண்டாவது, சாம்பல். நாயின் மயிரிலும் பாதத்திலும் படியும் சாம்பலை அது நக்கி விழுங்கி விடும்.

மூன்றாவதுதான் பெரியது: சங்கிலி. அவிழ்த்து விட்ட நாய் புகை வந்தால் தானே எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக் கொள்ளும். கட்டிப் போட்ட நாய் என்ன செய்யும்? நாம் எங்கே கட்டினோமோ அங்கேதான் மூச்சு விட வேண்டும். நம்மில் பலர் நாயை எங்கே கட்டுகிறோம்? வீட்டுக்குப் பின்னால், விறகு அடுப்புக்குப் பக்கத்தில், குப்பை எரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நாடு முழுவதும் காற்றுக் குறியீடு 50-க்குக் கீழே இருந்தாலும், அந்த எட்டு அடிக்குள் தினமும் புகைமூட்டம்தான்.

வீட்டுக்குள்ளேயும் புகை உண்டு. ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் நுண்தூளுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஆராய்ந்த சுருள்களில் மலேசியாவில் விற்பவையும் இருந்தன. சிகரெட் புகைக்கும் வீட்டில் வளரும் நாய்களுக்கு, நீண்ட மூக்கு நாய் என்றால் மூக்கிலும், சப்பை மூக்கு நாய் என்றால் நுரையீரலிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவதாக 1990-களில் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சிகள் எச்சரித்தன. மூக்கு நீளமாக இருந்தால் நஞ்சு அங்கேயே தங்கி விடுகிறது. குட்டையாக இருந்தால் உள்ளே போய்விடுகிறது. நாய் சிகரெட் கேட்கவில்லை. குழந்தையும் கேட்கவில்லை.

எந்த நாயை அதிகம் கவனிக்க வேண்டும்?

குட்டிகள், கிழ நாய்கள், சினை நாய்கள், இருதயக் கோளாறு உள்ளவை, ஏற்கெனவே இருமுகிறவை, அதிகமாகக் கொழுத்தவை. இவற்றோடு பக், பெக்கினீஸ், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களும் சேரும். பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி வந்து தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகும் நாய்கள் இவைதான். அவற்றுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு விடுவது பாடு.

அறிகுறிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண் சிவந்து நீர் வடிதல், மூக்கு ஒழுகுதல், தும்மல், வறட்டு இருமல், தொண்டையில் ஏதோ சிக்கியது போல் கனைத்து ஓங்கரித்தல், குரைக்கும் குரல் கம்முதல், சாப்பாட்டில் நாட்டம் குறைதல், கொஞ்சம் நடந்தாலே உட்கார்ந்து விடுதல். இவை தொடக்கம்.

இனி, காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக் கூடிய இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

முதல் சோதனை, மூச்சு எண்ணுவது. நாய் தூங்கும்போது, அல்லது நிழலில் அமைதியாகப் படுத்திருக்கும்போது அதன் விலாவைப் பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைக்கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெயிலில் ஓடி வந்து இரைப்பதை எண்ணாதீர்கள். அது கணக்கில் வராது. தூக்கத்திலும் திரும்பத் திரும்ப 30-க்கு மேல் போனால் மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டும். 40-க்கு மேல் என்றால் தாமதிக்கக் கூடாது. நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள். அப்போதுதான் கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

இரண்டாவது, ஈறு பார்ப்பது. மேலுதட்டை மெல்லத் தூக்கினால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாய்ந்தாலோ, சாம்பல் நிறமாக இருந்தாலோ உயிருக்கு ஆபத்து. (சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுப்பு, அவற்றுக்குக் கண் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.) அடையாளம் தெரியாத நாயிடமும், கடிக்க வரும் நாயிடமும் இந்தச் சோதனை வேண்டாம்.

கழுத்தை நீட்டி, முழங்கையை வெளியே அகட்டி உட்கார்ந்து, படுக்க மறுத்து மூச்சு விட்டாலும், வயிறு உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தாலும், தள்ளாடினாலும், மயங்கி விழுந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். யாரிடமாவது வண்டி கேட்டாவது கொண்டு போய் விடுங்கள்.

என்ன செய்யலாம்?

காற்றுக் குறியீட்டைப் பாருங்கள். சுற்றுச்சூழல் இலாகா மணிக்கொரு தரம் வெளியிடுகிறது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். பிள்ளைகளைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 50 வரை நலம், 100 வரை மிதம், 101 முதல் 200 வரை உடலுக்குக் கேடு, 201 முதல் 300 வரை மிகவும் கேடு, 300-க்கு மேல் ஆபத்து. நாய்க்கென்று தனிக் குறியீடு கிடையாது. மனிதக் குறியீட்டையே வைத்துக் கொண்டு நான் சொல்லும் வழி இது: 100-ஐத் தாண்டினால் நாயை ஓட விடாதீர்கள், காட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். பால் வெட்டப் போகும்போதும் பழம் அறுக்கப் போகும்போதும் நாய் கூடவே வரும், எனக்குத் தெரியும். காட்டுப் பன்றி பயத்துக்கு அது துணையும்கூட. ஆனால் ஓடும் நாய் படுத்திருக்கும் நாயைவிடப் பல மடங்கு காற்றை இழுக்கிறது. அந்த நாட்களில் அதை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். 200-ஐத் தாண்டினால் சிறுநீர், மலம் கழிக்க மட்டும் வெளியே விட்டு, உடனே உள்ளே அழைத்துக் கொள்ளுங்கள்.

"டிரசர், லயத்து வீட்ல பலகை இடுக்கெல்லாம் ஓட்டை. எங்கே மூடுறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். முழு வீட்டையும் மூட முடியாது. ஓர் அறையை மூடலாம். அடுப்புக்குத் தூரமான அறையாகப் பாருங்கள். புகை வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, கதவின் அடியில் பழைய சாரத்தைச் சுருட்டி வையுங்கள். ஈரத் துணி தொங்க விட்டால் சாம்பலைப் பிடிக்கும். நுண்தூளை முழுதும் பிடிக்காது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். வீட்டில் காற்று வடிகட்டி இருந்தால் அந்த அறையிலேயே ஓடட்டும். குழந்தையும் முதியவரும் அந்த அறையிலேயே இருக்கட்டும். நாயும் ஒரு மூலையில் படுத்துக் கொள்ளட்டும். வீட்டுக்குள் நாய் வரக் கூடாது என்கிற வீடுகளில், புகை வராத பக்கத்து ஐந்தடியில் நிழலான இடம் பாருங்கள்.

சங்கிலியை இடம் மாற்றுங்கள். செலவில்லாத வைத்தியம் இது. அடுப்புக்கும் குப்பை டிரம்முக்கும் எதிர்ப் பக்கம் கட்டுங்கள். கழுத்துப் பட்டை இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள். இருமுகிற நாய்க்குத் தொண்டையை இறுக்குவது கொடுமை.

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். வெளியே வைத்த தண்ணீரில் சாம்பல் விழும்; ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். வெளியே போய் வந்தால் ஈரத் துணியால் முகம், முதுகு, பாதம் துடைத்து விடுங்கள். கண் எரிச்சலுக்குக் காய்ச்சி ஆறிய சுத்தமான தண்ணீரால் கழுவினால் போதும்.

செய்யக் கூடாதவை

நம் வீட்டு மருந்துகளில் ஒன்றையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் மாத்திரை அளவு மீறினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒன்றே எமனாகும். இபுப்ரோபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இருமல் மருந்திலும் இவை கலந்திருப்பதுண்டு. சர்க்கரை இல்லாத மருந்துகளில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. நான் உங்களுக்குக் கொடுத்த ஆஸ்துமா மாத்திரையும் உங்களுக்கு மட்டும்தான்.

தைலம், கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய் தேய்க்காதீர்கள். நாய் அதை நக்கும். வயிற்றுக்குள் போனால் வலிப்புகூட வரலாம். பிராந்தி ஊற்றாதீர்கள். சளி முறியட்டும் என்று சாம்பிராணி போடாதீர்கள். புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்தாகுமா? தாய்மார்களே, குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வழக்கமும் இதில் அடக்கம். இருமுகிற குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

நாய்க்கு முகக்கவசம் கட்டாதீர்கள். நம் கவசம் அதன் மூஞ்சியில் பொருந்தாது. வாயைக் கட்டினால் இரைக்க முடியாமல் சூடேறிச் சாகும். புகைக்குப் பயந்து காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். நாயோடு வீட்டில் உள்ளவர்களும் போய்விடுவார்கள்.

தீ விபத்தில் சிக்கிய நாய்

பலகை லயத்தில் தீப்பிடித்தால் எவ்வளவு வேகம் என்று தெரியும். அதில் தப்பிய நாய், "ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கு" என்று வாலை ஆட்டிக் கொண்டு நிற்கும். நம்பாதீர்கள். தீப்புகையில் கார்பன் மொனாக்சைடு என்ற மணமில்லாத வாயு இருக்கிறது. பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தத்தின் சிவப்புப் பொருளை, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக் கொண்டு இடம் விடாது. ஈறு நன்றாகச் சிவந்திருக்கும், ஆனால் உடம்புக்குள் பிராணவாயு இருக்காது. மேலும், சூடும் நஞ்சும் பட்ட நுரையீரல் மெல்ல மெல்ல வீங்கி, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக்கூட மூச்சு முட்டும். ஆகவே உடனே சுத்தக் காற்றுக்குக் கொண்டு வாருங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தானே குடித்தால் குடிக்கட்டும். மிருக வைத்தியரிடம் காட்டி விட்டு, மூன்று நாளாவது மூச்சை எண்ணிக் கொண்டிருங்கள். மீட்டு வந்தவர் இருமினால் அவரும் என்னிடம் வர வேண்டும். எரியும் வீட்டுக்குள் நாயைத் தேடி யாரும் திரும்ப ஓடக் கூடாது.

எல்லா இருமலும் புகையால் அல்ல

புகை நீங்கி இரண்டு வாரம் ஆகியும் இருமல் நிற்கவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். நம் தோட்டப் பக்கத்தில் முக்கியமானது இருதயப் புழு. கொசு கடித்துப் பரவும் நோய் அது. கொசு விட்ட நுண்புழு ஆறேழு மாதத்தில் நூல் போல் நீண்டு, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயிலும் இருதயத்திலும் தங்கி விடும். நாய் இருமும், சீக்கிரம் களைக்கும். அப்படிப்பட்ட நாய்க்குப் புகைமூட்டம் வந்தால் பாதி மூச்சும் போய்விடும். கறுப்பனுக்கும் அது இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். மாதம் ஒரு முறை கொடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. மிருக வைத்தியர் இரத்தம் பார்த்து, எடை பார்த்துக் கொடுப்பார். மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தை வாங்கி நீங்களே அளவு போடாதீர்கள்.

இன்னொன்று, வெறிநோய். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் தொடங்கிப் பல உயிர்களைக் குடித்தது. குரல் மாறி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணம் மாறிப் போன நாயைப் "புகை பட்டிருக்கும்" என்று எண்ணி வாய்க்குள் கையை விடாதீர்கள். கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருந்தகத்துக்கு வாருங்கள்.

நாய் சொல்லும் சேதி

1952 டிசம்பரில் லண்டன் மாநகரை நச்சுப் புகை மூடி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அப்போது கண்காட்சிக்குக் கொண்டு வந்த கொழுத்த மாடுகள் மூச்சுத் திணறி விழுந்தன. மெக்சிகோ நகரத்தின் அழுக்குக் காற்றில் வாழ்ந்த நாய்களை ஆராய்ந்து, 2001-லிருந்து சில கட்டுரைகள் வெளிவந்தன. அந்த நாய்களின் நுரையீரலிலும், இருதயத்திலும், மூளையிலும்கூட, சுத்தக் காற்றில் வளர்ந்த நாய்களிடம் காணாத கோளாறுகளைக் கண்டார்கள். மிருகங்களுக்கு என்ன நேர்ந்ததோ அதுவே அதே காற்றை இழுத்த மனிதர்களுக்கும் நேரும் என்பதுதான் அதன் பாடம்.

தோழர்களே, நம் வீட்டில் நாள் முழுவதும் வீட்டைச் சுற்றியே கிடப்பவர் யார்? நாய். அடுத்து, தவழும் குழந்தை. அடுத்து, வேலைக்குப் போகாத முதியவர். பின்னால் கட்டிய நாய் இருமினால், அந்தப் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையின் நெஞ்சையும் கேட்டுப் பாருங்கள். நாய் உங்களுக்கு இலவசமாகச் சேதி சொல்கிறது.

கடைசியாக ஒன்று. குப்பையை எரிக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்வது சுலபம். திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படியும் குற்றம். ஆனால் குப்பை லாரி வாரக் கணக்கில் வரவில்லை என்றால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? புழு நெளிகிற குப்பையை வாசலில் வைத்துக் கொண்டு சாப்பிட முடியுமா? எரிக்கிறவனைத் திட்டினால் போதாது. எடுக்காதவனைக் கேட்க வேண்டும். எந்தெந்த நாளில் லாரி வரவில்லை என்று தேதி போட்டு எழுதுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். கமிட்டி அதை நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கட்டும். எங்கள் தோட்டத்தில் அப்படிக் கேட்டோம். ஒரே நாளில் நடக்கவில்லை. மூன்று கடிதம் போன பிறகு நடந்தது. இப்போது வாரம் இரண்டு தரம் லாரி வருகிறது. அந்தத் தகர டிரம்மில் இன்று யாரோ வெண்டிச் செடி வைத்திருக்கிறார்கள்.

பெரியவர் இன்னும் இருக்கிறார். மறுபடியும் ஒரு குட்டி வளர்க்கிறார். அதைக் கட்டுவது முன்வாசலில், மாமரத்தடியில். மருந்து வாங்க வரும்போதெல்லாம், நான் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லி விடுகிறார்:

"இருபத்திரண்டுங்கய்யா. நேத்து ராத்திரி தூங்கும்போது எண்ணினேன்."

பிறகுதான் தன் இருமலைப் பற்றிச் சொல்வார். நானும் இப்போதெல்லாம் இரண்டையும் எழுதிக் கொள்கிறேன்.

அடுத்த புகைமூட்டம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சங்கிலியை இன்றைக்கே இடம் மாற்றலாம். இன்றைக்கே செய்யுங்கள்.

— தோட்ட மருத்துவ உதவியாளர்